கையெழுத்து வாங்குவதற்கு முன்: நோயாளியிடம் பேச, மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு இரவு, மறுநாள் அறுவை சிகிச்சைப் பட்டியலில் இருந்தவர்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் வேலை எனக்கு வந்தது. ஆறு பேர், ஆறு படிவம். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். அந்த ஆறு பேரில் மலக்குடல் புற்றுநோய்க்காகச் சேர்ந்திருந்த ஒரு அம்மாவும் இருந்தார். "படிச்சுப் பாத்துக்கோங்கம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாள் காலையில் கட்டு மாற்றப் போனேன். வயிற்றில் ஒட்டியிருந்த பையைத் தொட்டுக் காட்டி, "வீட்டுக்குப் போறப்போ இதை எடுத்துடுவீங்கல்ல தம்பி?" என்று கேட்டார்.

அதை எடுக்க முடியாது. மலக்குடலையும் ஆசனவாயையும் முழுக்க அகற்றியாகிவிட்டது. இனி ஆயுள் முழுக்க மலம் போவது அந்தப் பை வழியாகத்தான். படிவத்தில் இது தெளிவாக அச்சாகியிருந்தது. அவருடைய கையெழுத்தும் சாட்சியின் கையெழுத்தும் இருந்தன. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. அவரிடம் யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவ அறம் பற்றிப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். நோயாளியின் சுயமுடிவு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று 1979-லிருந்து உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படும் நான்கு கோட்பாடுகளையும் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் நோயாளியின் படுக்கைப் பக்கத்தில் நிற்கும்போது கோட்பாடு ஒரு வாக்கியமாகத்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது. அந்த வாக்கியம் சரியில்லை என்றால் கோட்பாடும் அங்கே இல்லை. எனவே இந்த வழிகாட்டியைக் கோட்பாட்டின் வரிசையில் எழுதாமல், ஒரு நோயாளியைப் பார்க்கப் போவதில் தொடங்கி, பேசியதைக் குறிப்பில் எழுதி முடிப்பது வரை, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: உள்ளே போவதற்கு முன்

கோப்பைப் படித்துவிட்டுப் போங்கள். நோயாளியின் முன்னால் நின்றுகொண்டு பக்கம் புரட்டினால், இவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பெயர், வயது, கடைசி ரிப்போர்ட், நேற்று இரவு என்ன நடந்தது, இந்த நான்கும் தலையில் இருந்தால் போதும்.

உட்காருங்கள். நேரம் இல்லை என்று சொல்லி நின்றபடியே பேசுவது பலருக்கும் பழக்கம். ஆனால் உட்கார்ந்து பேசினாலும் நின்று பேசினாலும் உண்மையில் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதையும், உட்கார்ந்து பேசிய மருத்துவர் கூடுதல் நேரம் தம்மோடு இருந்ததாக நோயாளிகள் உணர்கிறார்கள் என்பதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நாற்காலி இல்லையென்றால் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூட இருப்பவர் யார் என்று கேளுங்கள். மகன் என்று நாம் நினைப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். "இவங்க இருக்கும்போதே பேசலாமா, இல்ல தனியா பேசணுமா?" என்ற ஒரு கேள்வி பெரிய சங்கடங்களைத் தவிர்த்துவிடும். கேள்வியை நோயாளியைப் பார்த்துக் கேட்க வேண்டும், கூட வந்தவரைப் பார்த்து அல்ல.

படி 2: இரண்டு நிமிடம் வாயைத் திறக்காதீர்கள்

1984-ல் அமெரிக்காவில் மருத்துவர்-நோயாளி உரையாடல்களைப் பதிவு செய்து நேரம் கணக்கிட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். 1999-ல் நடந்த இன்னொரு ஆய்வில் அது 23 விநாடிகள். பதினைந்து ஆண்டுகளில் நமக்குக் கூடியது ஐந்து விநாடிப் பொறுமை.

இவரைப் பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு புறநோயாளிப் பிரிவில் மருத்துவர்களிடம், நோயாளி தானாக நிறுத்தும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நேரம் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில் நோயாளிகள் சராசரியாகப் பேசியது 92 விநாடிகள். நான்கில் மூன்று பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

ஏன் இது அறம் சார்ந்த விஷயம் என்று கேட்கலாம். நோயாளி முதலில் சொல்வது பெரும்பாலும் அவர் பயப்படும் விஷயமாக இருக்காது. முழங்கால் வலி என்று தொடங்குவார், மூன்றாவதாகத்தான் "அப்புறம், மார்புல ஒரு கட்டி மாதிரி..." என்று இழுப்பார். முதல் புகாரிலேயே நாம் குதித்துவிட்டால் அந்த மூன்றாவது வாக்கியம் வரவே வராது.

முடித்த பிறகு கேட்கும் கேள்வியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2007-ல் ஆங்கிலத்தில் நடந்த ஒரு ஆய்வில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தார்கள். 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்க்கும் சொல்லை எடுத்துவிட்டு, 'உண்டு' என்ற பதிலை எதிர்பார்க்கும் சொல்லைப் போட்டதும், நோயாளிகள் சொல்லாமல் விட்டுப்போகும் கவலைகள் பெருமளவு குறைந்தன. தமிழிலும் இதை அன்றாடம் பார்க்கிறேன். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் "இல்ல டாக்டர்" என்ற பதிலை நாமே அவர் வாயில் போட்டுவிடுகிறோம். "வேற என்னென்ன தொந்தரவு இருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்க" என்று கேட்டால் அந்தக் கட்டி வெளியே வரும்.

படி 3: அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்

"இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?" இதுதான் முதல் கேள்வி. பதிலில் மூன்று விஷயம் தெரிந்துவிடும்: அவருக்கு என்ன தெரியும், என்ன சொல்லைப் பயன்படுத்துகிறார், எதைத் தொடாமல் தாண்டிப் போகிறார். அடுத்தது, "ரிப்போர்ட் பத்தின விவரமெல்லாம் உங்ககிட்டயே சொல்லலாமா?"

இந்த இடத்தில்தான் குடும்பம் குறுக்கே வரும். அறைக்கு வெளியே மகன் காத்திருப்பார். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். தாங்கமாட்டாங்க."

இதை எதிர்கொள்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் தவறு செய்வது சுலபம். நோயாளியின் உரிமை என்று சொல்லி மகனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் போட்டு உடைப்பது ஒரு தவறு. சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த அம்மாவின் உடம்பைப் பற்றிய முடிவுகளையெல்லாம் வராந்தாவில் நின்று எடுப்பது இன்னொரு தவறு. இரண்டாவதைத்தான் மருத்துவம் நெடுங்காலம் செய்துவந்தது. ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல்களில் ஒன்றே, சிகிச்சை செய்யும்போது பெரும்பாலான விஷயங்களை நோயாளியிடமிருந்து மறைத்துவிடச் சொல்கிறது. 1961-ல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்களிடம் கேட்டபோது, 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். அதே கேள்விகளோடு அமெரிக்காவில் இன்னொரு மருத்துவமனையில் எடுத்த கணிப்பு 1979-ல் வெளியானது. அதில் 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். இருபது ஆண்டுக்குள் தலைகீழாக மாறிய வழக்கம் இது. ஆகவே மகன் கேட்பதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். கொஞ்ச காலம் முன்புவரை நாமே நம்பியதைத்தான் அவர் கேட்கிறார்.

நான் செய்வது இது. முதலில் அவரையும் உட்கார வைத்து, "தாங்கமாட்டாங்கன்னு நீங்க பயப்படுற மாதிரி முன்னாடி ஏதாவது நடந்திருக்கா?" என்று கேட்பேன். சில சமயம் உண்மையான காரணம் இருக்கும்: கடுமையான மனச்சோர்வு, சமீபத்தில் நடந்த ஒரு சாவு. அது எனக்குத் தெரிய வேண்டிய செய்தி. பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. அம்மா அழுவதைப் பார்க்கும் தைரியம் மகனுக்கு இல்லை என்பதுதான் இருக்கும். அதுவும் கேட்க வேண்டிய வலிதான். அப்புறம் என் நிலையைச் சொல்லிவிடுவேன்: "நானா போய் எதையும் அவங்க மேல திணிக்கமாட்டேன். ஆனா அவங்க என்னை நேரா கேட்டா, பொய் சொல்லமாட்டேன்." பிறகு இருவரும் சேர்ந்தே உள்ளே போவோம். மகன் முன்னிலையிலேயே அம்மாவிடம் கேட்பேன்: "உங்க உடம்பைப் பத்தின விஷயத்தையெல்லாம் உங்ககிட்டயே சொல்லணுமா, இல்ல பையன்கிட்ட சொன்னா போதுமா?"

"அவன்கிட்டயே சொல்லிடுங்க" என்று அவர் சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவு. அதை மதிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கவும் வேண்டும், மனம் மாறலாம். ஆனால் பெரும்பாலும் எனக்குக் கிடைத்த பதில், "எனக்குத் தெரியும் டாக்டர். அவன்தான் தாங்கமாட்டான், அதான் கேட்காம இருந்தேன்" என்பதுதான். வார்டு வாசலில் இருக்கும் பலகையைப் படிக்கத் தெரிந்தவருக்கு எதை மறைக்க முடியும்? ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள். அந்தச் சுவரை உடைக்க ஒரு கேள்வி போதுமானதாக இருக்கிறது.

படி 4: கெட்ட செய்தியைச் சொல்லும்போது

புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000-ல் வகுக்கப்பட்ட ஸ்பைக்ஸ் என்ற ஆறு கட்ட முறை இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. இடத்தைத் தயார் செய்தல், அவருக்குத் தெரிந்ததை அறிதல், எவ்வளவு சொல்லலாம் என்று அனுமதி கேட்டல் என்ற முதல் மூன்றையும் நாம் மேலே பார்த்துவிட்டோம். மீதி மூன்று: செய்தியைச் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று திட்டமிடுவது.

சொல்வதற்கு முன் ஒரு முன்னறிவிப்பு வேண்டும். "ரிப்போர்ட் வந்திருக்கு. நாம எதிர்பார்த்த மாதிரி இல்ல." ஒரு மூச்சு விடுங்கள். பிறகு நேராகச் சொல்லுங்கள்: "இது புற்றுநோய்." இந்தச் சொல்லைத் தவிர்க்க நாம் எத்தனை சொற்களைக் கண்டுபிடித்திருக்கிறோம்! கட்டி, வளர்ச்சி, புண், சந்தேகமான செல்கள். 'கட்டி' என்று கேட்டுவிட்டுப் போனவர் அது கரைந்துவிடும் என்று மூன்று மாதம் காத்திருந்து திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். 'பாசிட்டிவ்' என்பது இன்னும் மோசம். பேச்சு வழக்கில் அது நல்ல செய்தியைக் குறிக்கும் சொல். "பயாப்சி பாசிட்டிவ்" என்று கேட்டதும் ஒருவர் கும்பிட்டு நன்றி சொன்னார். அவருக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

சொன்ன பிறகு பேசாதீர்கள். இதுதான் இருப்பதிலேயே கடினம். அந்த மௌனத்தை நிரப்ப நமக்குக் கை பரபரக்கும். கீமோதெரபி, கதிர்வீச்சு, தேதி என்று கொட்டத் தொடங்குவோம். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு சில நிமிடங்களுக்கு எதுவும் உள்ளே போகாது. அவர் முதலில் பேசும்வரை காத்திருங்கள். அழுதால் அழட்டும். "கவலைப்படாதீங்க" என்று சொல்லாதீர்கள், அது நம்முடைய வசதிக்காகச் சொல்வது. "இப்படி ஒரு செய்தியை யாருமே கேட்க விரும்பமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கூடவே உட்கார்ந்திருங்கள்.

எழுவதற்கு முன் அடுத்த சந்திப்புக்கு ஒரு நாளும் நேரமும் சொல்லுங்கள். எப்போது மறுபடி பார்ப்போம் என்று தெரியாமல் ஒருவர் அன்று இரவைக் கழிக்கக் கூடாது.

படி 5: புரிந்ததா என்று கேட்காதீர்கள்

மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்டப் பாதி தவறாகவே நிற்கிறது. "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பு இல்லை.

அதற்குப் பதிலாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் பரீட்சை போல இருக்கக் கூடாது. பாரத்தை நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்: "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டுக்காரர் கேட்டா என்ன சொல்வீங்க?" அவர் சொல்லச் சொல்ல எங்கே ஓட்டை என்று நமக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை "சாப்பாட்டுக்கு முன்" போட வேண்டிய மாத்திரையைப் பற்றி இப்படிக் கேட்டேன். "சாப்பாடு இல்லாத அன்னிக்கு வேண்டாம்ல?" என்றார் அவர். நான் நினைத்தே பார்க்காத கேள்வி.

அப்புறம் எண்கள். இதில் கவனக்குறைவு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு 1995-ல் பிரிட்டனில் நடந்தது ஒன்றே போதும். ஒரு புதிய வகைக் கருத்தடை மாத்திரை, இரத்தக்கட்டி வரும் வாய்ப்பை இரண்டு மடங்கு ஆக்குகிறது என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தி உண்மை. ஆனால் அந்த இரண்டு மடங்கு என்பது 7,000 பெண்களில் ஒருவர் என்றிருந்தது இருவர் ஆனது, அவ்வளவுதான். பயந்துபோன ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. கர்ப்பமும் கருக்கலைப்பும் கொண்டுவரும் இரத்தக்கட்டி ஆபத்து அந்த மாத்திரை கொண்டுவருவதைவிட அதிகம்.

ஆகவே மடங்கிலும் சதவீதத்திலும் பேசாதீர்கள். "உங்கள மாதிரி நூறு பேருக்கு இந்த அறுவை செஞ்சா, மூணு பேருக்குக் காயத்துல சீழ் பிடிக்கும், தொண்ணூத்தேழு பேருக்கு இருக்காது" என்று தலைக்கணக்கில் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். நன்மையைச் சதவீதத்திலும் தீமையை எண்ணிக்கையிலும் சொல்லி ஒரு பக்கம் சாய்ப்பது, பொய் சொல்லாமலே ஏமாற்றுவது.

படி 6: ஒப்புதல்

இப்போது அந்தப் படிவத்துக்கு வருவோம். அறிந்து தரும் ஒப்புதல் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. நாஜி மருத்துவர்கள் சிறைக்கைதிகள் மீது நடத்திய சோதனைகளுக்கான விசாரணையின் முடிவில், 1947-ல் நியூரம்பெர்க் நெறிமுறை எழுதப்பட்டது. அதன் முதல் விதியே, மனிதர் தானாக முன்வந்து தரும் ஒப்புதல் கட்டாயம் என்பதுதான். அதன் பிறகும் அமெரிக்காவின் டஸ்கீகீயில் சிபிலிஸ் என்ற பால்வினை நோயிருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமலே, உண்மையைச் சொல்லாமலே, 1972 வரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1932-ல் தொடங்கியது அது. எத்தனையோ பேரின் உடம்பில் எழுதப்பட்ட பாடம் இந்தப் படிவம்.

என்ன சொல்ல வேண்டும்? என்ன நோய், என்ன செய்யப்போகிறோம், ஏன், யார் செய்வார்கள், என்ன தவறாகப் போகலாம், வேறு வழிகள் என்ன, எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும். கடைசி இரண்டும் தான் பெரும்பாலும் விட்டுப்போகின்றன.

எந்த ஆபத்தைச் சொல்வது என்பதில் 2015-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு எனக்கு நல்ல அளவுகோல். வழக்குப் போட்டவர் நீரிழிவோடு கர்ப்பமாக இருந்தவர். அத்தகைய தாய்மார்களுக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9 முதல் 10 சதவீதம் வாய்ப்பு உண்டு. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்று நினைத்து, மருத்துவர் அந்த ஆபத்தை அவரிடம் சொல்லவில்லை. குழந்தை கடும் பாதிப்போடு பிறந்தது. மற்ற மருத்துவர்கள் எதைச் சொல்வார்கள் என்பது அளவுகோல் ஆகாது, அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவருக்கு எது முக்கியமாகப் படும் என்பதே அளவுகோல் என்றது நீதிமன்றம். விரலில் லேசான மரமரப்பு எனக்கு அற்பம். தையல் வேலை செய்பவருக்கு அது பிழைப்பு. அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல் ஆபத்தைப் பட்டியலிட முடியாது.

முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, அது தனக்குத்தான் நடக்கிறது என்று உணர்கிறாரா, காரணம் சொல்லி யோசிக்கிறாரா, ஒரு முடிவைத் தெரிவிக்கிறாரா. நமக்குப் பிடிக்காத முடிவை எடுப்பதால் மட்டும் ஒருவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. "சரி" என்று சொல்பவரிடம் நாம் திறனைச் சோதிப்பதே இல்லை, "வேண்டாம்" என்பவரிடம்தான் சோதிக்கிறோம். இதைக் கவனித்துப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு நடந்த பிறகு, குடல் திறப்பு அறுவைக்கு முன் நான் எப்போதும் ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். நோயாளியை உட்காரச் சொல்வேன், குனியச் சொல்வேன், நிற்கச் சொல்வேன். மடிப்பு விழாத இடம் பார்த்து, உடை கட்டும் இடம் தவிர்த்து, மையால் குறிப்பேன். பிறகு பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அங்கே ஒட்டி, அன்று முழுக்க அப்படியே நடமாடிப் பார்க்கச் சொல்வேன். மறுநாள் வரும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்: "ராத்திரி புரண்டு படுக்கலாமா?" "பேரனைத் தூக்கி வச்சுக்கலாமா?" "வாடை வருமா?" இந்தக் கேள்விகள் வந்த பிறகுதான் படிவத்தை எடுக்கிறேன்.

படி 7: இரகசியம், மொழிபெயர்ப்பு

இவை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லிஃப்டில் பேசாதீர்கள். எக்ஸ்ரே படத்தைப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயரை மறைத்தாலும், அரிய நோய் என்றால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரகசியத்துக்கு எல்லை உண்டு. நோயாளி இன்னொருவரைக் கொல்லப்போவதாகச் சொன்னால், ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு என்று 1976-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லை எது என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டின் சட்டத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

மொழி தெரியாத நோயாளி என்றால் வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பெண் தன் அம்மாவின் மாதவிடாய்ப் போக்கைப் பற்றி நம்மிடம் சொல்ல முடியாது, அம்மாவும் அவள் வழியாகச் சொல்லமாட்டார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் கிடைத்தாலும் போதும். பேசும்போது அவரைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள்.

படி 8: தவறு செய்துவிட்டால்

வார்டில் ஒரு இரவுப் பணியில் நான் ஒருவருக்கு இன்சுலின் அளவைத் தவறாக எழுதினேன். நல்லவேளையாகச் செவிலியர் ஒரு மணி நேரத்தில் கவனித்தார். நோயாளி வியர்த்துக் குழம்பிப்போயிருந்தார், குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். காலையில் அவருடைய மனைவி வந்தார். என் மூத்த மருத்துவர், "ராத்திரி சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சுபோச்சு, சரி பண்ணிட்டோம்" என்று சொல்லச் சொன்னார். நானும் அதையே சொன்னேன். அந்தப் பெண்மணி எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றி இன்றுவரை உறுத்துகிறது.

அந்த வாக்கியத்தைப் பாருங்கள். அதில் செய்தவர் இல்லை. குறைந்துபோச்சு, ஆகிவிட்டது, கொடுக்கப்பட்டுவிட்டது: செய்தவரை ஒளித்துவைக்க நம் மொழியில் வசதி நிறைய இருக்கிறது, மருத்துவமனைகள் அதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. தவறைச் சொல்லும்போது எழுவாயோடு சொல்லுங்கள்: "நான் இன்சுலின் அளவைத் தப்பா எழுதிட்டேன். அதனாலதான் அவருக்குச் சர்க்கரை இறங்குச்சு. என்னை மன்னிச்சிடுங்க." அதற்குமேல் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகிக்காதீர்கள், வேறு யார் மீதும் பழி போடாதீர்கள். இனி என்ன சிகிச்சை, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம், விசாரணை முடிவை எப்போது சொல்வோம், இந்த மூன்றையும் சொல்லுங்கள். சொன்ன நாளில் போய்ச் சொல்லுங்கள்.

வழக்குப் போடுவார்களே என்பது நியாயமான பயம்தான். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு 2001-லிருந்து தவறுகளைத் தானாக முன்வந்து சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 2010-ல் வெளியான கணக்கின்படி, ஒரு லட்சம் நோயாளி வருகைக்கு மாதம் 7.03 என்றிருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 4.52 ஆகக் குறைந்தன. அது ஒரு இடத்தின் அனுபவம்தான். மன்னிப்பைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும், எனவே உங்கள் நிறுவனத்தின் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கை ஒன்றுகூடக் குறையாவிட்டாலும் நான் அந்தப் பெண்மணியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

படி 9: "இனி ஒண்ணும் செய்ய முடியாது"

இந்த வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து நீக்கிவிடுங்கள். இது உண்மையும் இல்லை. நோயைக் குணப்படுத்த முடியாது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, பயம் இவற்றுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. 2010-ல் பாஸ்டனில், பரவிய நிலையில் நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரமும் மனநிலையும் நன்றாக இருந்தன. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே எடுத்தும், இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம், மற்றவர்களின் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது.

கேட்க வேண்டிய கேள்வி: "இனிவரும் நாட்கள்ல உங்களுக்கு எது ரொம்ப முக்கியம்?" ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பார், ஒருவர் மகள் வந்து சேரும்வரை தெளிவாக இருக்க வேண்டும் என்பார். அதற்கேற்பத்தான் மருந்து. வென்டிலேட்டர் வேண்டுமா என்று நள்ளிரவில் மகளிடம் கேட்பதைவிட, நோயாளி பேச முடிகிற நாளில் அவரிடமே கேட்பது நல்லது.

படி 10: எழுதிவையுங்கள்

பேசி முடித்ததும் கோப்பில் எழுதுங்கள். "நோயாளிக்கு எல்லாம் விளக்கப்பட்டது" என்பது குறிப்பே இல்லை. இரவு டியூட்டிக்கு வருபவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. யார் யார் இருந்தார்கள், எந்தச் சொல்லால் சொன்னீர்கள், அவர் என்ன கேட்டார், என்ன முடிவெடுத்தார், எது இன்னும் பாக்கி என்று எழுத வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"மாலை 5.40. நோயாளியும் மகளும் இருந்தனர். மகள் இருக்கப் பேச நோயாளி சம்மதித்தார். மலக்குடலில் புற்றுநோய் என்று அந்தச் சொல்லாலேயே சொன்னேன். நிரந்தரப் பை பற்றிச் சொன்னேன், காட்டினேன். கதிர்வீச்சு, அறுவை, எதுவும் செய்யாமல் இருப்பது மூன்றையும் பேசினோம். வேலைக்குத் திரும்புவது பற்றிக் கேட்டார், நாளை பதில் சொல்ல வேண்டும். இன்று முடிவெடுக்கவில்லை, கையெழுத்து வாங்கவில்லை. புரிந்ததை அவர் சொன்ன வார்த்தையில்: 'பின்பக்கத்தை அடைச்சிடுவாங்க, இனிமே வயித்து வழியாத்தான், எப்பவுமே.' பை இன்றிரவு ஒட்டியிருக்கிறது. காலை 9 மணிக்கு மறுபடி பேசுவேன்."